அத்திமரம் இருந்த இடம்

பாதை முடிந்துவிட்டது. எதிரே கூரையில்லாத ஒரு கட்டடம். அதன் வாசலில் ஓர் ஆடு நின்று, வண்டியை ஏற இறங்கப் பார்த்தது.

"ஏன் நின்னுட்டோம்?" என்று பின்னிருக்கையில் இருந்த பயணி அம்மாள் கேட்டாள்.

உபால்தோ ஸ்டியரிங்கில் நெற்றியை வைக்கப் போனவர், வைக்காமல் நிமிர்ந்தார்.

வழி தவறிவிட்டது என்று அவளிடம் சொல்ல முடியாது. காலையில்தான் டாக்சிக் கம்பெனி முதலாளியம்மாள் சாவியை ஆள்காட்டி விரலில் சுழற்றியபடியே, வயதுக்கு மரியாதையாக ஒரு 'தோன்' போட்டுச் சொல்லியிருந்தாள்: "தோன் உபால்தோ, போன மாசம் ரெண்டு தடவை பயணிகள வழி தெரியாம சுத்த விட்டீங்க. மூணாவது புகார் வந்துச்சுன்னா சாவிய மேசமேல வச்சுட்டுக் கெளம்பிருங்க." ஐம்பத்தொன்பது வயதில் சாவியை வைத்துவிட்டு எங்கே கிளம்புவது? அவர் கடற்கரை ஆள். மலைப்பக்கம் ஓட்டுகிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால், இந்த சான் இலாரியோ ஊருக்கு இன்றுதான் முதல் தடவையாக வருகிறார்.

கம்பெனி எழுதிக் கொடுத்த சீட்டு இப்படிச் சொன்னது: 'பழைய அத்திமரத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், கிழக்கே ஐம்பது மீட்டர், நீல கேட்.' அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பானியர் ஒரு காலத்தில் ஆண்ட இந்த நாட்டில் முகவரி என்றால் அப்படித்தான். அவர் வீடே 'மூடிப்போன மீன் கிடங்கிலிருந்து மேற்கே நூறு மீட்டர்'தான். தொல்லை என்னவென்றால், ஊருக்குள் நுழைந்ததும் பப்பாளி விற்கிறவளிடம் விசாரித்தபோது அவள் சொன்னது.

"அத்திமரமா, என் ராசா? அது விழுந்து பதினோரு வருசமாச்சே!"

"அப்ப எப்படிப் போறது?"

"மரந்தானே விழுந்துச்சு? மரம் இருந்த எடம் எங்கயும் போயிடலியே. அங்கேருந்து தெக்கால போங்க."

"அந்த எடம் எங்க இருக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். வழி கேட்டு வந்தவனிடம் 'தெரியாது' என்று சொல்வது, வீட்டுக்கு வந்தவனைக் காபி கொடுக்காமல் அனுப்புவதற்குச் சமம். ஆகவே கையை நீட்டினாள். நீட்டிய பக்கம் வந்ததில்தான் இந்த ஆடு.

உபால்தோ கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பெரிய தொப்பி, கழுத்தில் கேமரா, பெட்டியில் மத்ரீத் விமான நிலையச் சீட்டு. ஸ்பெயினிலிருந்து ஊர் பார்க்க வந்தவள், சந்தேகமில்லை.

"பாக்க வேண்டிய எடம்மா" என்றார். "ஸ்பானியர் காலத்துக் கோயில். பூகம்பத்துல கூரை போயிருச்சு."

"அப்படியா! எந்த வருசத்துப் பூகம்பம்?"

"ஆயிரத்து எழுநூத்துச் சொச்சம்."

"சொச்சம்னா?"

"முப்பத்தாறு" என்றார், தம் சட்டை அளவைச் சொல்லி.

அம்மாள் இறங்கிவிட்டாள். நாலு பக்கமும் சுற்றிப் படம் பிடித்தாள். "இந்த சிமெண்டுக் கல்லெல்லாம்?"

"அது பின்னால ஒட்டுப் போட்டதும்மா."

ஆடு இருமியது. அரைமணி நேரம் போயிற்று.

திரும்பும் வழியில் ஒரு போலீஸ்காரர் அகப்பட்டார். அம்மாள் காதில் விழாமல் இருக்க உபால்தோ இறங்கிப் போய்க் கேட்டார். போலீஸ்காரர் மிக விவரமாக, இரண்டு கைகளாலும், பாலத்தைத் தாண்டி இடது, மறுபடி இடது, அப்புறம் யாரையாவது கேட்கவும் என்று சொன்னார். இரண்டாவது இடது ஒரு குட்டையில் போய் நின்றது.

"இது?" என்றாள் அம்மாள்.

"எரிமலைக் குளம்" என்றார் உபால்தோ. இம்முறை குரலில் முந்தைய சுறுசுறுப்பு இல்லை. "அடியில எரிமலை வாய் இருக்கு. வெந்நீர்."

"நடுவுல மாடு நிக்குதே?"

"அது பழகின மாடும்மா."

குளத்தைச் சுற்றி வரவேண்டும் என்றாள் அம்மாள். பாதி சுற்றில் அவளுடைய வலது கால் செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. உபால்தோ முழங்கால் வரை இறங்கி அதைத் தோண்டி எடுத்தார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. "சுடுதா?" என்று அவள் கரையிலிருந்து அக்கறையாகக் கேட்டாள். "பொறுத்துக்கலாம்மா" என்றார், பல் கிட்டிக்க.

மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், "சீட்டக் குடுங்கண்ணே... ஓ, இதா! என் பின்னாடியே வாங்க" என்றான். உபால்தோவுக்கு உயிர் வந்தது. அவன் பின்னாலேயே போனார். அவன் நேரே பக்கத்து ஊரில் இருந்த தன் மச்சான் வீட்டுக்குப் போய், அங்கே வழி கேட்டான். வராந்தாவுக்கு ஐந்து பேர் வந்தார்கள்.

"மரம் சர்ச்சுக்குப் பின்னால இருந்துச்சு."

"அது மாமரம்டா, மடையா. அத்திமரம் மில்லுக்கிட்ட."

"மில்லுக்கிட்ட உன் மூளைதான் விழுந்து கெடக்கு!"

ஐந்து பேரும் ஐந்து திசை காட்டினார்கள். சூடாகக் காபியும் கொடுத்தார்கள். "இவங்கல்லாம் யாரு?" என்று அம்மாள் கேட்க, உபால்தோ கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "பழங்குடித் தலைவருங்க" என்றார். அவர்களில் ஒருவன் உள்ளூர்க் கால்பந்துச் சட்டை போட்டிருந்தான். அம்மாள் அவர்களையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடித்தாள்.

அதன் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. வண்டி போன போக்கில் போனது. கால் விறைத்திருந்தது, முதுகு கழன்றிருந்தது, பொய்யும் தீர்ந்திருந்தது. ஒரு தெருவில் அதற்கு மேல் ஓட்டத் தெம்பில்லாமல் ஓரமாக நிறுத்தினார். மூன்று மணிக்குச் சேரவேண்டியது, ஆறடிக்கப் போகிறது.

"இது என்ன எடம்?" என்றாள் அம்மாள். "இதுக்கும் ஒரு கத இருக்கணுமே."

உபால்தோ நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தே விட்டார்.

"தெரியலம்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து ஒரு பயணியிடம் வருவது அதுதான் முதல் தடவை. "மத்தியானத்துலேருந்தே எனக்கு ஒண்ணும் தெரியல. புகார் மட்டும் பண்ணிராதீங்க. வண்டியப் புடுங்கிருவாங்க."

அம்மாள் கேமராவை உறையில் போட்டு மூடினாள்.

"புகாரா? நான் கேள்வியே படாத சங்கதியெல்லாம் சொன்னீங்க. இனிமே எப்ப வந்தாலும் நீங்கதான் ஓட்டணும்னு ஒங்க முதலாளியம்மாகிட்ட நானே சொல்றேன். தலையத் தூக்குங்க. எறங்க வேண்டிய எடம் இதுதான்."

தூக்கினார். நீல கேட். அவர் கண் கலங்கிவிட்டது. பெட்டியை இறக்கிக் கொடுத்தார். அப்போது பக்கத்து வீட்டுக்காரி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன டீச்சரம்மா, இவ்வளவு நேரம்? முப்பத்தெட்டு வருசம் இந்த ஊருப் பள்ளிக்கூடத்துல வரலாறு நடத்திட்டு, மத்ரீத்துல மக வீட்டுக்கு ஒரு மாசம் போயிட்டு வர்றதுக்குள்ள சொந்த வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?"