ரஜாய்க்குள் ஒரு ஸ்டீரியோ

கவனமானவர் வேறு, கவனக்காரர் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். கவனமானவர் சாலையைப் பார்ப்பார். கவனக்காரர், நீங்கள் சாலையைப் பார்க்கிறீர்களா என்று பார்ப்பார்.

அடுப்பில் பால் பொங்கிவரும் நேரத்தில் சமையலறைக்குள் வந்து, "அடுப்புல பால் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்பார். அவர் என்ன சொல்கிறார் என்று நீங்கள் திரும்பிய அந்தக் கணத்தில் பால் பொங்கி வழியும். "சொன்னேனா இல்லையா?" ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறி மாட்டுபவரின் காலடியில் நின்றுகொண்டு, "பாத்து!" என்று ஒரு சத்தம் போடுவார். மாட்டுபவருக்கு அதுவரை விழும் எண்ணமே இருந்திராது. கவனம் என்பது மனிதனின் அரிய பொருள் என்று தத்துவம் படித்தவர்கள் சொல்வதுண்டு. அந்த அரிய பொருளை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, "எங்கே வைத்தாய்?" என்று நம்மையே கேட்பவர் இவர் ஒருவர்தான்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் தில்லியின் தண்ணீர் அதற்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது. நல்ல மாதிரி ஒன்று பார்க்க விரும்பினால் மயூர் விஹாருக்குப் போக வேண்டும். அங்கே ஜோதிலிங்கம் இருக்கிறார். சொந்த ஊர் ஈரோடு பக்கம். ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். மனைவி உமாமகேஸ்வரி, குருகிராமில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். ஷிப்டு முடிந்து, இருட்டிய பிறகு தானே காரை ஓட்டிக்கொண்டு தில்லியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வந்து சேர்கிற பெண்மணி. நாள் முழுக்க யாரும் எதுவும் கேட்காத நேரம் அவருக்கு அது ஒன்றுதான். அந்த நேரத்தில் அவர் பாட்டுக் கேட்பார்.

கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒருநாள் ஜோதிலிங்கம் அந்த வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஸ்டீரியோவில் நீல விளக்கு மின்னுவதைக் கண்டார். பாட்டுக்கேற்பப் பட்டை பட்டையாக ஏறி இறங்கும் வெளிச்சத்தைக் கண்டார். மறுநாளே அதைக் கழற்றிவிட்டார். "இருட்டுல ஓட்டறவங்களுக்கு இதெல்லாம் ஆகாது. கவனத்தைச் சிதறடிக்காத ஸ்டீரியோவா நான் பாத்து வாங்கித் தர்றேன்."

இது நடந்தது மாசி மாதம். டாஷ்போர்டில் ஒரு சதுர ஓட்டை. அதற்குள்ளிருந்து நாலைந்து ஒயர்கள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. உமாமகேஸ்வரி அதில் முதலில் ஹேர்பின் வைத்தார். பிறகு வேர்க்கடலைப் பொட்டலம் வைத்தார்.

நீங்களும் நானும் என்றால் கடைக்குப் போவோம், ஒன்றை வாங்குவோம், அது சரியில்லை என்று ஆயுள் முழுக்கப் புலம்புவோம். கவனக்காரர் அப்படியல்ல. புலம்பலை வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுவார். தொடுதிரை வைத்த ஸ்டீரியோ வேண்டாம், விரல் போகும் இடத்துக்குக் கண்ணும் போகும். பொத்தான் வைத்தது நல்லது, ஆனால் பொத்தானுக்குள் விளக்கு எரிகிறது. விளக்கு சிவப்பாக இருந்தால் முன்வண்டி பிரேக் போட்டதாகத் தோன்றும். பச்சையாக இருந்தால் சிக்னல் விழுந்ததாகத் தோன்றும். மஞ்சளாக இருந்தால் மனம் எந்த முடிவுக்கும் வராது. பாட்டின் வரிகள் நன்றாக இருந்தால் மனம் அர்த்தத்துக்குள் போய்விடும், மோசமாக இருந்தால் கோபம் வரும். வரிகளே இல்லாத வாத்தியம் என்றால் கால் தாளம் போடும், கால் இருப்பதோ ஆக்ஸிலேட்டரில்.

"அப்ப என்னதானுங்க வேணும்?" என்று உமாமகேஸ்வரி ஒருநாள் கேட்டார்.

"வெளிச்சம் கூடாது. பொத்தான் துருத்தக் கூடாது. அது அங்க இருக்கறதே தெரியக் கூடாது."

"அதுதான் இப்ப இருக்குதே" என்று உமாமகேஸ்வரி ஓட்டையைக் காட்டினார்.

கரோல் பாக்கில் கார் சாமான் விற்கும் தெருவில் ஜோதிலிங்கத்தை அறியாத கடையில்லை. பெயர் யாருக்கும் தெரியாது. 'ரஜாய்வாலே அங்கிள்' என்றால் தெரியும். காரணம் இதுதான். இரவில் ஸ்டீரியோ எப்படித் தெரியும் என்று பார்க்க இருட்டு வேண்டும். கடைகளோ பகலில்தான் திறந்திருக்கின்றன, திறந்ததும் நூறு விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே அவர், தில்லிக் குளிருக்கென்று பரண்மேல் வைத்திருந்த ரஜாயை, அந்தப் பஞ்சு அடைத்த கனத்த போர்வையை, மே மாதத்தில், அனல் காற்றில், தோளில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறினார். கடையில் ஸ்டீரியோவை மடியில் வைத்து, ரஜாயால் தலையோடு மூடிக்கொண்டு, உள்ளே ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்தார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஒரு பஞ்சுக்குன்று இடமும் வலமும் சாய்ந்து திரும்புவதும், சில சமயம் 'கீஈஈச்' என்று பிரேக் போடுவதும் தெரியும். உள்ளே தடதடவென்று பஞ்சாபிப் பாட்டு. பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வந்து நின்றுவிட்டார்கள்.

"பையா, யாராவது குறுக்க ஓடுங்க!" என்று ரஜாய் தமிழில் சொன்னது.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அங்கிள்ஜி, லேனா ஹை யா சோனா ஹை?" என்றார். வாங்கப் போகிறீர்களா, தூங்கப் போகிறீர்களா என்று கேள்வி. நியாயமான கேள்விதான்.

இப்படி வெயில் போனது, மழை போனது. இதற்கிடையில் மனைவி தனியாக ஓட்டிவருகிறாரே, பேச்சுத் துணைக்கு என்ன வழி? ஜோதிலிங்கம் போன் செய்தார். உமாமகேஸ்வரி தவுளா குவான் வளைவில் நாலு பக்கமும் வண்டி நெருக்க ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டிருக்கையில், பக்கத்து சீட்டில் கிடக்கும் போன் பளீரென்று எரிந்து அலறும். "உமா, கவனம் வேற எங்கயும் போகலையே?"

ஐப்பசியில் ஒருநாள் உமாமகேஸ்வரி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு ஆசிரமம் சிக்னல்ல கண்ணசந்துட்டேன். பின்னால இருந்தவன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன். பாட்டு இருந்தப்ப ஒருநாளும் இப்படி ஆனதில்ல. லேப் இன்சார்ஜா என்னையப் போடறேங்கறாங்க. போட்டா தினமும் இன்னும் நேரங்கழிச்சுத்தான் வரணும். பனிமூட்டம் தொடங்கறதுக்குள்ள வண்டில பாட்டு வந்தாகணும். வரலைன்னா, வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

பனிமூட்டம் என்றால் தில்லிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நம் வண்டியின் மூக்கே நமக்குத் தெரியாது. ஜோதிலிங்கத்தின் முகம் வாடிவிட்டது. அவர் கெட்டவரில்லை. மனைவிக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று உண்மையாகவே பயந்தவர். கவனக்காரர்களைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அநேகமாக இது ஒன்றுதான், அதையும் சொல்லியாயிற்று.

அந்த வாரமே ரஜாயோடு கரோல் பாக் போனார். மூடினார், ஓட்டினார், பிரேக் போட்டார். வெளியே தலையை நீட்டி, "இதுதான்" என்றார். ஒரே ஒரு திருகு. மங்கிய ஒரு விளக்கு, அதையும் அணைத்துவிடலாம். ஏப்ரலிலேயே அதைத்தான் முதலில் காட்டினேன் என்று சொல்ல வாயெடுத்த கடைக்காரர், தெய்வத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு, தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார்.

பொருத்திய அன்று ஜோதிலிங்கம் மெட்ரோ பிடித்து குருகிராமுக்கே போய்விட்டார். முதல் பயணத்தைக் கூடவே இருந்து கவனிக்க வேண்டாமா? குளிருக்கு ரஜாயும் பின்சீட்டில் ஏறியது. உமாமகேஸ்வரி திருகைத் திருப்பினார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய பாட்டு மெல்ல எழுந்து வந்தது. அவர் தோள் இறங்கிற்று, முகம் தெளிந்தது, வண்டி வெண்ணெய்போல் போனது.

"பாத்தியா? நீ அதைப் பாக்கவே இல்ல" என்றார் ஜோதிலிங்கம்.

"எதைங்க?"

"ஸ்டீரியோவை."

உமாமகேஸ்வரி ஸ்டீரியோவைப் பார்த்தார்.

"இப்பப் பாக்கறியே!"

"நீங்க சொன்னதாலதானுங்க பாத்தேன்."

"சரி, இப்ப என்ன பாட்டு ஓடுச்சுன்னு கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"அடடா, அப்ப கவனம் பாட்டுல இருக்குது."

"சரி, கவனிக்கல."

"கவனிக்கலையா? அப்பத் தூக்கம் வருதுன்னு அர்த்தம். உமா, ஜன்னலைத் திற. வேண்டாம், குளிரும், மூடு. அந்தத் திருகைத் தொட்டுப் பாரு, பாக்காமத் தொடணும், ரோட்டைப் பாத்துட்டே தொடு. ஹா! கண்ணு இங்க வந்துது, நான் பாத்தேன்!"

"கம்முனு இருங்க கொஞ்ச நேரம்."

"நான் கம்முனு இருந்தா யாரு உனக்குச் சொல்றது? எவ்வளவு அருமையா கவனம் சிதறாம வர்றே, அதையாவது சொல்ல வேண்டாமா?"

யமுனையைத் தாண்டும் டிஎன்டி சாலையில், மயூர் விஹாருக்குப் பிரியும் வளைவு பெரிய பலகையோடு, பளிச்சென்ற விளக்கோடு வந்தது, போனது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஜோதிலிங்கம் மனைவியின் கண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தார். மனைவி ஜோதிலிங்கத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் நொய்டா.

செக்டார் பதினாறு மெட்ரோ நிலையத்தின் வாசலில் கார் நின்றது.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"இந்த வண்டில கவனத்தைச் சிதறடிக்கிற சாமான் ஒண்ணு இருக்குதுங்க. கழட்டிட்டுப் போறேன்."

ஜோதிலிங்கம் இறங்கினார். ஜன்னல் வழியாக ரஜாயும் வந்தது. "குளிருது, போத்திக்கோங்க." பின்விளக்கு இரண்டும் சின்னதாகி மறைந்தன.

மெட்ரோவில் எதிர் இருக்கையில் ஓர் இளைஞன் காதில் இயர்போனோடு கண்ணை மூடியிருந்தான். ரஜாய்க்குள்ளிருந்து நம்மவர் குனிந்து, அவன் முழங்காலைத் தட்டி, இப்படிக் கண்ணை மூடிக்கொண்டால் இறங்க வேண்டிய நிலையம் தவறிவிடும் என்று, இந்தியில் மொழிபெயர்த்து, உதாரணங்களோடு எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது மயூர் விஹார் போய் அக்ஷர்தாம் வந்திருந்தது. இளைஞன் எழுந்து, வணக்கம் சொல்லிவிட்டு, தன் நிலையத்தில் இறங்கிப் போனான்.

ஒருவழியாக அவர் வீடு வந்து சேர்ந்தபோது மகள் ஷ்ருதி கதவைத் திறந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

"அப்பா, ரஜாய் கியோன், எதுக்கு? அச்சா, விடு. அம்மா கீழ கார்லயே இருக்கா. பாட்டு முடியலையாம். முடிச்சிட்டு வர்றேன்னா. ரொம்ப ஹேப்பி மூட்."

"இன்சார்ஜ் வேலையைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"சரின்னு ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் போட்டுட்டாளே, நம்ம வாசல் கேட்டுக்கு வந்ததும்."

ஜோதிலிங்கம் கீழே இறங்கிப் போனார். இருட்டில் கார் நின்றது. உள்ளே விளக்கில்லை, ஓர் ஒளிப்பொட்டுகூட இல்லை. பாட்டு மட்டும் கண்ணாடி வழியே கசிந்தது. உமாமகேஸ்வரி சீட்டில் சாய்ந்து, விரலால் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தட்டுவதற்குக் கையை ஓங்கிய ஜோதிலிங்கம், அப்படியே நின்றார். பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார். ஒரு கவனக்காரர் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததாக வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பாட்டு முடிந்தது. கண்ணாடியைத் தட்டினார்.

"ஹேண்ட் பிரேக் போட்டியா?"

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் இதைப் படிக்கும்போதே "ஏய், இதைக் கேளேன், அப்படியே நம்ம அவரை மாதிரியே இருக்கு!" என்று பக்கத்திலிருப்பவருக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டு வருகிறீர்களே, கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். அவர் கையில் இருப்பது ஸ்டீயரிங்தானே? நீங்கள் திரும்ப வேண்டிய வளைவு எப்போதோ போய்விட்டது.