கம்பி போட்ட கார்

“ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள என் கார் தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் ஓடும். சும்மா இல்ல, உள்ள உட்கார்ந்திருக்கறவனுக்கு வண்டி நகர்றதே தெரியாது. அப்படி வழுக்கிட்டுப் போகும்!”

ஓய்வுபெற்ற பல் டாக்டர் இதைச் சொன்னது திங்கட்கிழமை. அன்றைய நிலவரப்படி அந்தக் காரின் எஞ்சின் ஒரு பழைய மெத்தையின் மேல் மல்லாந்து படுத்திருந்தது. நான்கு கதவுகளும் மொட்டை மாடியில் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தன. டிரைவர் இருக்கைக்குப் பதிலாக, மருத்துவமனையை மூடிய அன்று டாக்டர் கையோடு தூக்கிவந்த பல் பிடுங்கும் நாற்காலி பொருத்தப்பட்டிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டரின் மனைவி. இன்னொருவர் மனைவியின் தம்பி. இந்த மச்சான் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். ஓர் இரும்புத் துண்டைப் பார்த்தால் அதன் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுவார்.

“அத்தான், அது நகராது. பூகம்பம் வந்தா ஒருவேளை நகரும்.”

“நகர்ந்தா?”

“நகர்ந்தா, நகர்ந்துச்சுன்னு என் வாயாலயே சொல்றேன், போதுமா? எதுக்கு இந்த வீம்பு? எஞ்சினைத் தாங்கற பிராக்கெட்டை நான் பட்டறையில ஒரு மணி நேரத்துல அடிச்சுத் தர்றேன்.”

“நான் நாப்பது வருஷம் தங்கத்துல பல்லு செஞ்சவன்டா. தகரத்துல ஒரு பிராக்கெட் செய்ய மாட்டேனா?”

மனைவி தலையிட்டார். “ரெண்டு வருஷமா என் தையல் மெஷின் கட்டில் மேல படுத்திருக்கு. நான் ஓரமாச் சுருண்டு கிடக்கறேன். எனக்கு ஷெட் வேணும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரரை லாரியோட வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள உங்க வண்டி தன் சக்தியில மருந்துக்கடை வரைக்கும் போச்சுன்னா, வாசல்ல நிறுத்திக்கோங்க. இல்லேன்னா லாரியில ஏறட்டும்.”

நாற்பது வருடத்தில் ஒருவர்கூட ஆசைப்பட்டு அவரைப் பார்க்க வந்ததில்லை. அவர் கையில் குறடு எடுத்தால் பயந்து நடுங்காத ஒரே ஜீவன் அந்தக் கார்தான்.

கார் நின்ற ஷெட் என்பது வீட்டை ஒட்டாமல் தனியாக நின்ற தகரக் கொட்டகை. நான்கு மூலையிலும் நான்கு இரும்புக் கால்கள், தகரக் கூரை, தகரச் சுவர், தெருவைப் பார்த்து ஒரு பெரிய கதவு. அங்கிருந்து வாசல் கேட் வரை சரிவு. கேட்டைத் தாண்டினால் தெருவும் மருந்துக்கடையைப் பார்த்துச் சரிந்திருந்தது. கை தவறிய பந்தெல்லாம் அந்தக் கடை வாசலில்தான் போய் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை பிராக்கெட் வேலை ஆரம்பமானது. எஞ்சின் உட்காரவேண்டிய இடம் எட்டிப் பார்க்க முடியாத பொந்தில் இருந்தது. டாக்டருக்கா வழி தெரியாது? கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டார். கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே அட்டையில் வரைந்தார். அட்டையைத் தகட்டின் மேல் வைத்து வெட்டினார், மடக்கினார், துளை போட்டார், அரம் கொண்டு ராவினார். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டுக்காரருக்கு ஆடாத பல்லும் ஆட ஆரம்பித்தது.

பிராக்கெட் நகை மாதிரி மின்னியது. மச்சான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிரமாதம் அத்தான். அளவு துல்லியம். ஆனா இது வலது பக்கத்துக்கு.”

“இடது பக்கத்துக்குத்தான் செஞ்சேன்.”

“கண்ணாடியில பார்த்து வரைஞ்சா இடதும் வலதும் மாறாதா?”

டாக்டர் குட்டிக் கண்ணாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “அதனாலதான் சில பேர் வலி இன்னும் போகலேன்னு திரும்பி வந்தாங்களோ!” என்றார்.

புதன்கிழமை பிராக்கெட்டை நடுவில் அறுத்து, திருப்பி வைத்து, வெல்டிங் செய்தார். சூட்டில் அது அப்பளமாக நெளிந்தது. நெளிவை எடுக்கச் சுத்தியலால் அடித்தார்; விரிசல் விட்டது. விரிசலை அடைக்க மேலும் வெல்டிங் வைத்தார். மாலைக்குள் அந்த பிராக்கெட் ஒரு சேனைக்கிழங்கின் அழகையும் எடையையும் அடைந்துவிட்டது. அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்ததில் சூடு பரவி, காரின் அடிச்சட்டமே ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது.

மச்சான் கீழே குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். “இப்ப வண்டி நேராப் போகாது. நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் போகும். அதுவும் போனா.”

“கடி சரியில்லை, அவ்வளவுதான்,” என்றார் டாக்டர். “பல்லு கோணலா வந்தா என்ன பண்ணுவோம்? கம்பி போடுவோம்.”

சொன்னதைச் செய்தார். ஷெட்டின் நான்கு கால்களுக்கும் காரின் அடிச்சட்டத்துக்கும் இடையே, கீழ்மட்டத்தில், கட்டைவிரல் பருமனில் நான்கு கம்பிகளைப் பற்றவைத்து, நடுவில் திருகாணி போட்டுத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

“இதை எப்பங்க கழட்டுவீங்க?” என்று கேட்டார் மனைவி.

“நேரானதும் கழட்டணும். முன்னாடியே கழட்டினா பழையபடி கோணிக்கும். அம்மாக்கள் எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேப்பாங்க.”

வெள்ளிக்கிழமை எஞ்சினை ஏற்றியாயிற்று. பிராக்கெட்டுக்கு எட்டு தடித்த போல்ட் தேவைப்பட்டது. மச்சானின் பட்டறையில் எண்பது இருக்கும். கேட்டால் தருவார், ஆனால் தரும்போது ஒரு சிரிப்பும் சேர்த்துத் தருவார். டாக்டர் தலை குனிந்து நின்றார். குனிந்த கண்ணில் ஷெட்டின் கால்கள் பட்டன. காலுக்கு இரண்டாக எட்டு போல்ட், அளவெடுத்த மாதிரி, தரையோடு இறுக்கப்பட்டிருந்தன.

“போல்ட்டைக் கழட்டினா ஷெட் பறந்துடாதா?” என்றார் மனைவி.

“இது என்ன பட்டமா? அதுபாட்டுக்கு நிக்கும்.”

சனிக்கிழமை அடிச்சட்டத்தை அளந்தார். மயிரிழைகூடக் கோணல் இல்லை. பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் டேப்பைப் பிடுங்கி, தையல் மெஷின் எந்த மூலையில் வரும் என்று அளந்துவிட்டுப் போனார். மீதிப் பொழுதில் டாக்டர் சமையலறை மாவு டப்பாவை சைலன்சராக மாற்றினார். ஆக்சிலேட்டருக்குப் பல் நாற்காலியின் மிதிகட்டையையே பூட்டினார். அது பத்து தடவை மிதித்தால் ஒரு தடவை மேலே எழாது. மாவு போன இடம் மனைவிக்குத் தெரிவதற்குள் சீக்கிரமே படுத்துவிட்டார்.

ஞாயிறு, மணி ஒன்பது ஐம்பது. லாரி நுழைய வசதியாக மனைவி கேட்டின் இரண்டு கதவையும் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, தையல் மெஷினுக்கு எண்ணெய் போட உள்ளே போனார். மச்சான் வெள்ளைச் சட்டையில், சாட்சி சொல்ல வந்தவர் போல வந்தார். பக்கத்து இருக்கை இன்னும் தயாராகாததால் கவிழ்த்த வாளி மேல் உட்கார வைக்கப்பட்டார்.

“அத்தான், ஷெட் கதவு?”

“எஞ்சின் சூடாகட்டும், திறக்கலாம். சத்தம் கேட்டா எதிர்வீட்டுக்காரர் பல்லைப் பிடிச்சுட்டு வந்துடுவார்.”

டாக்டர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. கமறியது. பிறகு, பத்து வருடம் பேசாமலிருந்த மாமியார் பேச ஆரம்பித்த மாதிரி பிடித்துக்கொண்டது. மாவு டப்பாவிலிருந்து புகை கிளம்பி மூன்றே நொடியில் ஷெட்டை நிரப்பியது. டாக்டரால் தன் மூக்கையே பார்க்க முடியவில்லை.

“கதவைத் திறடா!”

“கதவு எந்தப் பக்கம்?”

கியர் விழுந்ததா, விழ வைக்கப்பட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. மிதிகட்டை அந்தப் பத்தாவது தடவையைத் தேர்ந்தெடுத்துக் கீழேயே ஒட்டிக்கொண்டது. எஞ்சின் அலறியது. சக்கரங்கள் உறுமின. நூறு இரும்புக் கட்டில்களை நூறு பேர் சேர்ந்து இழுப்பதுபோல் ஒரு சத்தம். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டின. வாளி மேல் இருந்த மச்சான் மிக்ஸிக்குள் போட்ட மிளகு மாதிரி குதித்தார்.

“அத்தான்! நிறுத்துங்க! எஞ்சின் கழண்டு வந்துடப்போகுது!”

“வராது! பிராக்கெட் என்னோடது!”

ஒரு நிமிடம். பிறகு ‘டங்’ என்று ஓர் இடி. எஞ்சின் நின்றது. புகை மெல்ல மேலேறிக் கூரை இடுக்கு வழியாகப் போனது.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். ஷெட் கதவு அதே இடத்தில் இருந்தது. வலது பக்கச் சுவரும் அதில் மாட்டியிருந்த காலண்டரும் அதே இடத்தில் இருந்தன. அவர் இறங்கி, பானெட் மேல் குனிந்து கையை நீட்டி அளந்தார்.

“கதவுக்கும் வண்டிக்கும் நடுவுல முதல்ல ஒரு சாண் இருந்துச்சு. இப்பவும் ஒரு சாண். இவ்வளவு ஆட்டம் போட்டும் ஒரு அங்குலம்கூட நகரலை அத்தான்.” கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்.

டாக்டர் பல் நாற்காலியிலிருந்து இறங்கினார். காலடியில் தரை ஏதோ சொரசொரப்பாக இருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

“இரும்புக்காரர் வந்துட்டார்டா,” என்றார். பானெட்டைத் தடவிக் கொடுத்து, நாற்பது வருடமாக எல்லோரிடமும் சொன்னதை அதனிடமும் சொன்னார். “பயப்படாதே. வலிக்காது. ஒரு நிமிஷம்தான்.”

கதவை ஒருக்களித்துத் திறந்தார்.

வெளியே மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய கடை இருந்தது. கடையின் எடைமெஷின் மட்டும் ஷெட்டின் முன்காலுக்கு அடியில் மல்லாந்து கிடந்தது.

“வாங்க டாக்டர். உங்களுக்கு என்ன மாத்திரை வேணும்னாலும் போன்ல சொன்னா அனுப்ப மாட்டேனா? இப்படிக் கொட்டகையோடவா வரணும்?”

டாக்டர் குனிந்து பார்த்தார். காருக்கும் ஷெட்டுக்கும் நடுவே நான்கு கம்பிகளும் கச்சிதமாக, ஒரு மயிரிழை பிசகாமல், இறுக்கமாக இருந்தன.

மேட்டிலிருந்து மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தார். பின்னாலேயே இரும்புக்காரர், எதை ஏற்றுவது என்று புரியாமல், கையில் கயிற்றோடு வந்தார். மனைவி காரைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார், இரண்டும் வந்த வழியில் தெருவில் விழுந்திருந்த நான்கு நீளக் கோடுகளைப் பார்த்தார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

“நீ உள்ளதானேடா இருந்தே? உண்மையைச் சொல்லு. வண்டி நிஜமாவே ஓடிச்சா?”

மச்சான் வெள்ளையாக இருந்த தன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஓடிச்சுக்கா. அத்தான் சொன்ன மாதிரியேதான். உள்ள உட்கார்ந்திருந்த எனக்கு நகர்ந்ததே தெரியலை.”