நூறு புகார் வேண்டும்

மக்களின் குறைகளை மக்களின் வாசலுக்கே சென்று கேட்பது என்று குறைதீர் துறை முடிவு செய்தது. முடிவு செய்ய ஒன்பது கூட்டங்கள் ஆயின. பத்தாவது கூட்டத்தில் வாசல் என்றால் எது என்பதற்கு விளக்கம் எழுதினார்கள். அதன் பிறகு நாற்பத்து மூன்று கிளை அலுவலகங்கள் திறக்கப்பட்டன. நாற்பத்து மூன்றாவது, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊரில், பால் சேகரிக்கும் நிலையத்தின் பின்னறையில் அமைந்தது. அதற்கு அதிகாரியாக நகரத்திலிருந்து ஒருவர் வந்து இறங்கினார்.

நல்ல மனிதர். பன்னிரண்டு வருஷம் தலைமை அலுவலகத்தின் ஏழாவது மாடியில் உட்கார்ந்து, வந்த புகார்களுக்கெல்லாம் எண் போட்டவர். ஒரு மாட்டை அத்தனை கிட்டத்தில் அவர் பார்த்தது இந்த ஊரில்தான். கொஞ்சம் பயந்து போனார். பிறகு அதன் காதில் ஒரு வில்லையும் வில்லையில் ஓர் எண்ணும் தொங்குவதைக் கண்டதும் அவருக்கு மனசு நிம்மதியாயிற்று.

நகரத்தில் அவர் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். தலைப்பிரசவம். பிரசவத்துக்குள் எப்படியாவது திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்கு வழியும் சுற்றறிக்கையிலேயே இருந்தது. "மூன்று மாதத்துக்குள் நூறு புகார்களைப் பெறாத அலுவலகம் மக்களின் நம்பிக்கையைப் பெறாததாகக் கருதப்படும். நம்பிக்கை பெறும்வரை அதிகாரி அங்கேயே தொடர்வார். நூறு பெற்றவரின் இடமாறுதல் விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்படும்."

"நூறுதானே? ஏழாவது மாடியில டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள நூறு வந்து கிடக்கும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

முதல் மாதம் ஒன்றுகூட வரவில்லை.

காரணம் அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். யாருக்கு யார்மேல் என்ன கோபம் இருந்தாலும், காலையில் வாய்க்காலுக்கு வந்து, இந்தக் கரையில் ஒருவரும் அந்தக் கரையில் ஒருவருமாக நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தித் தீர்த்துவிடுவார்கள். நடுவில் தண்ணீர் ஓடுவதால் கை நீட்ட வழியில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் இருவரும் பாலத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட பிறகு பழைய பேச்சை எடுப்பது மரியாதைக் குறைவு.

ஒருநாள் ஆட்டுக்காரரின் ஆடு பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கடைக்குள் புகுந்து, தைத்து முடித்திருந்த சட்டையின் ஒரு கையைத் தின்றுவிட்டது. வாய்க்காலில் பெரிய ரகளை. செய்தி கேட்டு அதிகாரி புகார்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, உடனே எழுதிக் குடுங்க. சட்டைக் கை போனது பெரிய குறை."

"குறைதான் சார். ஆனா சாப்பிட்டாச்சே" என்றார் தையல்காரர்.

"ஆடு சாப்பிட்டதைத்தான் சொல்றேன்."

"நாங்க சாப்பிட்டதைச் சொல்றேன் சார். இனிமே அதைப் பேசக்கூடாது."

சட்டைக்காரருக்கு அரைக்கைச் சட்டையாக மாற்றிக் கொடுத்தாயிற்று, அவருக்கும் வெயிலுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று ஆட்டுக்காரர் கூடுதலாகத் தெரிவித்தார். அதிகாரி வெறும் படிவத்தோடு திரும்பினார்.

மேலதிகாரி போனில் கூப்பிட்டார். "ஒண்ணுகூட இல்லையா? அப்படின்னா மக்கள் பயந்து போயிருக்காங்கன்னு அர்த்தம்."

"பயம் மாதிரி தெரியலை சார். சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"அதுதான்யா பயத்தோட முத்தின நிலை!"

பயத்தைப் போக்க நகரத்திலிருந்து இரண்டு பயிற்சியாளர்கள் வந்தார்கள். அப்போது பயிலரங்குதான் எங்கும் மோஸ்தர். ஊரையே வட்டமாக உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, உள்ளே புதைந்து கிடக்கும் குறைகளை மூச்சோடு வெளியே விடச் சொன்னார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பிறகு பெரிய குறைக்குச் சிவப்பு, நடுத்தரக் குறைக்கு மஞ்சள், சின்னக் குறைக்குப் பச்சை என்று ஒட்டுக் காகிதங்கள் கொடுத்தார்கள். நிறம் நன்றாக இருக்கிறதென்று எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஒரே ஒரு சிவப்புக் காகிதம் திரும்பி வந்தது. "உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது" என்று அதில் இருந்தது. அது புகார் அல்ல, பயிலரங்கு பற்றிய கருத்து, கருத்துக்கு வேறு பிரிவு என்று பயிற்சியாளர்கள் அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

முன்னறையில் பால் அளக்கும் அம்மாள் இதையெல்லாம் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே காலையில் அவளிடம்தான் வந்தாக வேண்டும் என்பதால் அவளுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. பால்காரம்மாள் ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"ஏன் தம்பி மூஞ்சி இப்படித் தொங்குது?"

அதிகாரி மறைக்கவில்லை. சுற்றறிக்கை, நூறு, மனைவி, மாதம் எல்லாம் சொன்னார்.

"அட, இவ்வளவுதானா! புகார் வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா? நீங்க பாட்டுக்குக் குறை இருக்கா, குறை இருக்கான்னு கேட்டீங்க. இல்லைன்னு சொன்னோம். புள்ளத்தாச்சியைத் தனியா விட்டுட்டு வந்திருக்கீங்க, இதை முன்னாடியே சொல்றதில்லையா?"

மறுநாளிலிருந்து ஒரு கையில் பால் பாத்திரமும் இன்னொரு கையில் புகாருமாக ஊர் வந்தது. ஆட்டுக்காரர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை என்று தையல்காரர் எழுதினார். ஆட்டுக்காரரே பக்கத்தில் இருந்து, "ரெண்டு வருஷமான்னு போடு, எடுப்பா இருக்கும்" என்று உதவி செய்தார். பிறகு தையல் மிஷின் சத்தத்தில் தன் ஆடுகள் அசைபோட மறந்துவிடுகின்றன என்று அவர் எழுத, தையல்காரர் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தார். மழை சரியாகப் பெய்வதில்லை என்று பால்காரம்மாள் ஒன்று தந்தாள். ஒன்பதே நாளில் நூறு. அதிகாரி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். கடைசி எண்ணைப் போடும்போது அவருக்குக் கண் கலங்கியது. இடமாறுதல் விண்ணப்பத்தையும் அதே கட்டில் வைத்து அனுப்பினார்.

புகார் கொடுத்தால் அதன்மேல் நடவடிக்கை எடுப்பார்கள் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதிகாரிகூட எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷ அனுபவம் அவருக்கு அப்படி.

மழை பற்றிய மனு, எதிர்மனுதாரரின் முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. ஆட்டுக்காரருக்கு, அவர் தையல்காரரைப் பார்த்துச் சிரிக்கும் புகைப்படத்தை முன்பக்கம், பக்கவாட்டு என மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் முகம் கழுவி, தலை சீவி, சிரித்து அனுப்பினார். "புன்னகை மனப்பூர்வமாக இல்லை" என்ற குறிப்போடு அது திரும்பியது. கூடவே தையல்காரரின் மனு நகல் ஒன்றும் இருந்தது. ஆட்டுக்காரர் அதை அப்போதுதான் முழுசாகப் படித்தார்.

"பிறவியிலேயே உம்மணாமூஞ்சின்னு எழுதியிருக்கியே!"

"எடுப்பா இருக்கணும்னு நீதானே சொன்னே?"

"ரெண்டு வருஷம்னுதான் சொன்னேன். பிறவியை எவன் சேர்க்கச் சொன்னான்?"

வாய்க்காலில் நின்று கத்தியிருந்தால் உச்சி வெயிலுக்குள் தீர்ந்திருக்கும். ஆனால் விசாரணையில் உள்ள விஷயத்தை மனுதாரரும் எதிர்மனுதாரரும் நேரில் பேசிக்கொள்ளக்கூடாது என்று உத்தரவின் கடைசி வரியில் இருந்தது. கத்த முடியாததால் சேர்ந்து சாப்பிடவும் முடியவில்லை. ஆட்டுக்காரர் விறுவிறுவென்று பின்னறைக்கு வந்து உண்மையான புகார் ஒன்றைக் கொடுத்தார். அந்த அலுவலகத்தின் முதல் உண்மையான புகார் அதுதான்.

பிறகு புகார் அடைமழைதான். மூன்றாம் மாதம் பாதியானபோது நானூற்றுப் பன்னிரண்டு. வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பாலத்தில் ஆள் இல்லை. ஒருவர் காலை இன்னொருவர் மிதித்தால்கூட, மிதிபட்டவர் ஒன்றும் பேசாமல் நேரே வந்து, "நம்பர் போட்டுக் குடுங்க சார்" என்றார். அதிகாரிக்கு உறுத்தியது. ஆனாலும் ஊருக்கே முறைப்படி நடக்கத் தெரிந்துவிட்டதே என்று ஓரத்தில் ஒரு பெருமையும் இருந்தது.

விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. "நாற்பத்து மூன்று அலுவலகங்களில் தங்கள் அலுவலகமே முதலிடம். இத்தகைய அலுவலகத்தை இத்தகைய அதிகாரியிடமிருந்து பிரிப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல. தங்கள் விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது."

மனைவி போனில் கேட்டாள். "டாக்டர் இருபத்தி மூணாம் தேதின்னு சொல்லிட்டாங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

"நூறு சேர்த்தா விடுவேன்னாங்கம்மா. நானூறு சேர்ந்துடுச்சு, அதனால விடமாட்டேங்கிறாங்க. புகார் பாக்கி இருக்கும்போது லீவும் கிடையாது."

"உங்க ஆபீஸ்ல யாராவது, எப்பவாவது, எதையாவது தீர்த்து வெச்சிருக்கீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "நம்பர் போட்டிருக்கோம்" என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்று அவர் டீயைக்கூடத் தொடவில்லை. பால்காரம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "நல்ல ஆபீசர்னுதானே விடமாட்டேங்கிறாங்க? கெட்ட ஆளுன்னு எழுதிட்டா தூக்கிடுவாங்கல்ல?" என்றாள். ஊரைக் கூட்டினாள். ஒருவரோடொருவர் பேசக்கூடாதவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

"என்னன்னு எழுதறது? தப்பா ஒண்ணும் பண்ணலையே" என்று தையல்காரர் தயங்கினார்.

"கடமையில் அலட்சியம்னு போடுங்க. வலுவா இருக்கும்" என்று அதிகாரியே எடுத்துக் கொடுத்தார். "மக்களை மதிப்பதில்லைன்னும் சேர்த்துக்குங்க."

எழுதும்போது தையல்காரர் அழுதுவிட்டார். தொண்ணூற்றாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி நன்றி சொல்லி, எண் போட்டு, தன் கையாலேயே தபாலில் சேர்த்தார்.

பதில் மின்னல் வேகத்தில், பதினோரு நாளில் வந்தது. அந்த ஊரில் எழும் எல்லாப் புகார்களையும் அந்த ஊர்க் குறைதீர் அதிகாரியே விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவர் மீதான புகாரை அவரே விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அவர் ஊரைவிட்டு வெளியேறாதபடி அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பால்காரம்மாள் சாட்சியாக உட்கார, அவர் நாற்காலியில் அமர்ந்து, "அலட்சியமாக இருந்தீரா?" என்று கேட்டார். எழுந்து சுற்றி வந்து எதிரிலிருந்த முக்காலியில் அமர்ந்து, "ஆமாம் ஐயா" என்றார். மறுபடி நாற்காலிக்குப் போய் அதை எழுதிக்கொண்டார்.

"ஆமான்னுட்டீங்க. இனிமே தூக்கிடுவாங்கல்ல?" என்றாள் அவள் ஆவலாக.

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "குத்தம் நிரூபணமானா நகரத்துலேருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற ஊருக்கு மாத்துவாங்க."

"அது எந்த ஊரு?"

"இதுதான்."

"குத்தம் இல்லைன்னா?"

"இங்கேயே தொடரணும். விசாரணையை முடிக்காமயும் வெச்சுக்கலாம். அப்பவும் இங்கேயேதான்."

இருபத்திரண்டாம் தேதி அவர் விதிப் புத்தகத்தை மூடிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வாழ்நாளில் முதல் தடவையாக எதுவானாலும் ஆகட்டும் என்று துணிந்திருந்தார். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"உங்களை ஏத்தக்கூடாதுன்னு நோட்டீஸ் வந்திருக்கு சார்."

"யார் கையெழுத்து?"

"உங்க கையெழுத்துதான்."

வாங்கிப் பார்த்தார். அவருடையதேதான். ஒருநாள் அறுபது காகிதங்களோடு அறுபத்தோராவதாகப் போட்டிருக்கிறார். கையெழுத்து ரொம்ப அழகாகவும் விழுந்திருந்தது.

"நான்தானே போட்டேன்? நானே சொல்றேன், ஏத்துங்க!"

"வாயால சொன்னா எப்படி சார்? எழுதிக் குடுங்க."

அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தார். கண்டக்டர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுல நம்பர் இல்லையே சார்" என்றார்.

எண் போடும் பதிவேடு பின்னறையில் இருந்தது. அவர் ஓடிப் போய் எண் போட்டுக்கொண்டு வருவதற்குள், ஒரு நாளைக்கு ஒரு தடவை வருகிற பஸ் போய்விட்டது.

மறுநாள் காலையில் பெண் குழந்தை பிறந்தது. மாமியார்தான் போனில் சொன்னார். எண் போட்ட காகிதத்தை அன்றைய பஸ்ஸில் காட்டியதற்கு, நோட்டீஸை ரத்துசெய்ய மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். அனுமதி கேட்டு அவர் எழுதியது, தலைமை அலுவலகத்தில் எண்ணோடு பத்திரமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கட்டில் ஒரு புதிய மனு இருந்தது. நகரத்து முகவரி. அவருக்குத் தெரிந்த கையெழுத்து. "என் கணவரைக் காணவில்லை. குழந்தை பிறந்தும் வரவில்லை. கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அதன் ஓரத்தில் ஒன்பது பேர் ஒன்பது மையில் கையெழுத்திட்டிருந்தார்கள். பத்தாவதாக, "நாற்பத்து மூன்றாவது அலுவலகம் ஏழு நாளில் நடவடிக்கை எடுக்கவும்" என்று இருந்தது.

ஆறு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஏழாம் நாள் பேனா தானாக எழுதியது. "நேரில் விசாரிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட நபர் நலமுடன் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டிருப்பது அவராலேயே உறுதி செய்யப்பட்டது. புகார் முடித்து வைக்கப்படுகிறது."

அடுத்த மாதம் பாராட்டுப் பத்திரம் வந்தது. துறை தொடங்கிய நாளிலிருந்து கெடுவுக்குள் தீர்க்கப்பட்ட முதல் புகார் அது. அதனால் நாற்பத்து மூன்றாவது அலுவலகமும் அதன் அதிகாரியும் நிரந்தரமாக்கப்பட்டார்கள். ஊரே கூடிக் கை தட்டியது. தையல்காரரும் ஆட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தட்டினார்கள். பால்காரம்மாள் பத்திரத்தைச் சுவரில் மாட்டினாள். அதில் "மனுதாரரின் திருப்தி" என்ற கட்டத்தில், "பதினைந்து நாளில் மறுப்பு வராததால் முழுத் திருப்தி" என்று அச்சிட்டிருந்தது.

மறுப்பு நான்காம் நாளே வந்திருந்தது. அவர் அதற்கு எண் போட்டு வைத்திருந்தார்.