ஆதாமை விட்டுவிட்டார்கள்

நெய்வேலி
18.8.2014

கர்த்தருக்குள் பிரியமான மகன் கார்முகிலுக்கு அம்மா தனம் எழுதுவது. இங்கு நலம் என்று எழுதக் கை வரவில்லை.

முதலில் அன்றைக்குச் சபையில் இருந்தவர்களை எழுதிவிடுகிறேன், நாளைக்கு எவரும் நான் இல்லை என்று சொல்லக் கூடாது. பாஸ்டர் ஐயா, அவர் சம்சாரம் பார்வதி, ஷிப்ட் முடிந்து ஹெல்மெட்டோடு வந்த பெரியண்ணன், அவன் பெண்டாட்டி சின்னம்மாள், கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற சடையப்பன், நான். ஆறு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

சபையில் நடந்த வேதபாடச் சீஷர் வகுப்பு முடிகிறதென்று, மைன்ஸ் மாதிரி சபையாரை ஷிப்ட் பிரித்து, பத்தே நாளில் வேதாகமம் முழுவதையும் சத்தமாக வாசிக்க ஏற்பாடு. சங்கீதப் புத்தகத்தைப் படிப்பாளிகள் பிடுங்கிக்கொண்டார்கள், எனக்கு விழுந்தது நாளாகமம் முதல் புத்தகம், முதல் அதிகாரம். ஆதாமில் தொடங்கி ஐம்பத்து நாலு வசனமும் பேர், பேர், பேர். இருந்தால் என்ன? மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குச் சபையில் எழுந்து வாசிக்க அறுபத்தெட்டு வயதில்தான் முதல் அழைப்பு. ஒரு மாதம் விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன், உன்னிடம் போனில்கூட எத்தனை தரம் சொன்னேன்! யார் யாருக்குப் பிறந்தான் என்பதில் எனக்குத் தப்பு வருமா? நம் பிளாக்கில் எவள் எந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை என்பதைத் தேதியோடு வைத்திருப்பவள் நான்.

என் முறை வந்தது, கண்ணாடியைப் போட்டேன், எழுந்தேன், தொண்டையைச் செருமி வாயைத் திறந்தேன், பார்வதி கையை நீட்டுகிறாள். "ஆயா, நீங்க உக்காருங்க. அது வெறும் பேருங்கதான? நேரமாவுது, பெரியண்ணன் ரெண்டாவது அதிகாரத்துலர்ந்து படிக்கட்டும்." நான்கு பேர் சேர்ந்து ஆமென் வேறு!

"ஐயா, ஆதாமையே வுட்டுட்டு மேல படிச்சா எப்படிங்க?" என்றேன்.

"கர்த்தர் இருதயத்தைப் பாக்குறவருங்கம்மா."

"அப்ப எங்களை வாயால படிக்கச் சொன்னது எதுக்குங்க ஐயா?"

சடையப்பன் சிரித்தான். அதையும் நான் மறக்கப்போவதில்லை.

இப்போது 'முழு வேதாகமம் வாசித்த சபை' என்று வாசலில் ப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய பொய்! இனி அந்தப் படி மிதிக்க மாட்டேன், பஸ் ஏறி வடலூர் சபைக்குப் போய்க்கொள்கிறேன். பார்வதியை மன்னிக்க மாட்டேன். நீ ஒருத்தன்தான் எனக்கென்று கேட்கிறவன், வந்து அவளை நாலு வார்த்தை கேள். உனக்கும் மருமகள் இசைப்பிரியாவுக்கும் பேத்தி தமிழ்நிலாவுக்கும் கர்த்தர் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

அம்மா தனம்

பி.கு.: கவரை ஒட்டிய பிறகு பார்வதி வந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். "ஆயா, நானா சொல்லலீங்க. 'எங்க அம்மா நாலு பேர் எதுர்ல தடுமாறி நின்னா மானம் பூடும், எதனா சொல்லி உக்கார வச்சிடுங்க'ன்னு உங்க மவன்தான் போன் பண்ணாரு" என்கிறாள். கவரைக் கிழித்துவிட்டு, அவளை எதிரில் உட்கார வைத்து ஐம்பத்து நாலு வசனமும் வாசித்தேன். ஒரு பேர் தட்டவில்லை. ஞாயிறு ஆராதனையில் எழுந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள், போவேன். வடலூர் இல்லை. மேலே எழுதிய ஆசீர்வாதத்தை மருமகளும் பேத்தியும் எடுத்துக்கொள்ளட்டும். மற்ற எல்லாரையும் மன்னித்துவிட்டேன். மன்னிக்காத ஆள் ஒரே ஒருத்தன்: கார்முகில்.