உங்கள் மாப்பிள்ளை மரம் எறிந்த விவரம்

நஜ்மா, தோஹா
மாசி மாதம், 1977

மதிப்பிற்குரிய உடையப்பன் அண்ணாச்சி சமுகத்துக்கு, தங்கை நாகவள்ளி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் மதினியும், உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் என் பிள்ளைகள் இருவரும் நெல்லையப்பர் அருளால் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம். உங்கள் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்பீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாசிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஏதாவது சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். மதினி இருக்கலாம்.

போன ஐப்பசியில் இங்குள்ள டாக்டர், இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் சாயங்காலம் நடக்க வேண்டும் என்று சொன்னார். உங்கள் மாப்பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. கம்பெனியில் அக்கவுண்டன்ட் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கிறவர் இல்லை. வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் அதை நான்தான் வாசல்வரை உருட்ட வேண்டும். இவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்பார். ஐம்பத்துநாலு வயதில் இவர் நடக்க ஒப்புக்கொண்டதே பெரிது என்று நானும் சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். ஒரு மாதம் போனது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை ஆனால் போதும், வீடு திரும்பும்போது இவர் கழுத்தின் வலது பக்கம் கன்றிச் சிவந்திருக்கும். சட்டைக் காலர் முழுக்க அழுக்கு. பக்கத்தில் போனால் தைல வாசனை. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. என்னவென்று கேட்டால் கொசு என்றார். கீழ்வீட்டு ரஹீமா பீவியிடம் சொன்னேன். காயல்பட்டினத்துக்காரி, தங்கமான மனுஷி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாகு, நான் சொல்றேன்னு நினைக்காதே. ஐம்பது தாண்டுன ஆம்பளைமேலே ஒரு கண்ணு இருக்கணும்" என்றாள். அண்ணாச்சி, அதற்குப் பிறகு இவர் சட்டையை முகர்ந்து பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

இந்த நிலைமையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இட்லிக்கு ஆட்டலாம் என்று போனால், ஆட்டுரல் இருக்கிறது, குழவியைக் காணோம். பம்பாயிலிருந்து கப்பலில் பாயில் சுற்றிக் கொண்டுவந்த குழவி. அதை யார் திருடுவார்கள், எடுத்துப்போய் என்ன செய்வார்கள் என்று ஒன்றும் புரியாமல் மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே உங்கள் மாப்பிள்ளை, பனியனும் அரைக்கால் சட்டையுமாக, என் குழவியைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளைக்கு ஏப்பம் வரவைக்கிறவர் மாதிரி கண்ணை மூடி நிற்கிறார். புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். "ஏங்க" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது. மனுஷர் அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு உறுமல் உறுமிக் கையை நீட்டிவிட்டார். குழவி கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. கீழே ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. யார் தலையில் விழுந்ததோ என்று நெல்லையப்பரைக் கூப்பிட்டேன்.

சாமி புண்ணியத்தில் யார் தலையிலும் விழவில்லை. ரஹீமா பீவி புருஷர் மீரா சாகிபின் பிக்-அப் வண்டிமேல் விழுந்திருக்கிறது. அவர் தையல்கடை வைத்திருக்கிறவர், துணி எடுத்துவர அந்த வண்டியைப் புதிதாக வாங்கியிருந்தார். குழவியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மாடிப்படி ஏறிவந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது உங்கள்ட கல்லுதானே?"

"ஆமா பாய்" என்றார் இவர்.

"வானத்திலேர்ந்து வந்துச்சே."

அப்போதுதான் அண்ணாச்சி, எல்லா உண்மையும் வெளியே வந்தது. இவர் நடக்கப் போகிற வழியில் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் சங்கம் என்று ஒன்று. வெள்ளைக்காரர்களுக்குள் இது ஒரு தனி இனமாம். கனமாக எதைக் கண்டாலும் தூக்கி எறிந்து பார்ப்பதுதான் அவர்கள் ஊர் விளையாட்டாம். ஒருநாள் அவர்கள் எறிந்த கல் உருண்டு இவர் காலடியில் வந்து நின்றிருக்கிறது. இவர் பேசாமல் சுற்றிக்கொண்டு நடந்திருக்கலாம். குனிந்து அதைத் தூக்கி, நடந்துபோய், மெக்ராய் என்ற தாடிக்கார இன்ஜினீயர் கையில் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் இவர் தோளில் தட்டி, செவ்வாய்க்கிழமை வா என்று சொல்லியிருக்கிறான். முப்பது வருஷமாக எந்தத் துரை எதைச் சொன்னாலும் "எஸ் சார்" என்று சொல்லிப் பழகிய வாய், அன்றைக்கும் அதையே சொல்லிவிட்டது. சொன்ன சொல்லுக்காகப் போனவர், அப்புறம் ஆசைக்காகப் போயிருக்கிறார். ஐம்பது தாண்டியவர்களுக்குத் தனிப் போட்டி இருக்கிறது, அதில் சேரப்போகிறேன் என்று அந்த மாடியில் வைத்து என்னிடம் சொன்னார். கழுத்தில் இருந்தது கல் உரசிய காயம். நிம்மதிப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்றே எனக்குத் தெரியவில்லை.

வண்டி நசுங்கிய மீரா சாகிபாவது இவரை நாலு வார்த்தை கேட்பார் என்று நம்பினேன். அவர் குழவியைக் கீழே வைத்துவிட்டு, "போட்டிக்கு என்ன உடுப்பு?" என்று கேட்டார். அவர்கள் முழங்கால்வரைக்கும் கட்டம் போட்ட பாவாடை கட்டுவார்கள் என்று இவர் சொன்னார். "கட்டம் போட்ட துணியா? அது என் கடையில கொட்டிக்கிடக்கு. நான் தைச்சுத் தாறேன்" என்று சொல்லி, மொட்டைமாடியிலேயே இவர் இடுப்பை முழம் போட்டு அளந்துகொண்டு போய்விட்டார்.

போட்டி அன்றைக்குக் காலையில் உள்ளறைக் கதவு திறந்தது. கைலித் துணியில், மடிப்பு மடிப்பாகத் தைத்த பாவாடை. கீழே ஆபீஸுக்குப் போடுகிற கறுப்பு சாக்ஸ். மேலே வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முழங்கால்களைப் பகல் வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை. கையிலிருந்த காப்பி டபரா நழுவிப் போய்விட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இப்படியேவா தெருவுல நடக்கப் போறீய?"

"பாய் வண்டியிலதான் போறோம்."

அந்த நசுங்கின வண்டியில்தான் போனோம். மைதானம் முழுக்க இந்த மாதிரிப் பாவாடை கட்டின ஆண்கள். ஒருவன் கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு ஊதுகிறான், நாதஸ்வரத்துக்கு ஜலதோஷம் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். நானும் ரஹீமா பீவியும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அவளுக்குப் பழக்கம். அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக முக்காடு போட்டேன். முன்வரிசையில் யார் தெரியுமா? இவருடைய கம்பெனி ஜெனரல் மேனேஜர், சம்சாரத்தோடு. இத்தனை வருஷமாக இவரைக் கணக்குப்பிள்ளையாகவே பார்த்த மனுஷர், ஒலிபெருக்கியில் பேரைக் கேட்டதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இந்தக் கட்டம் எந்தக் குலத்தின் கட்டம் என்று அறிவிப்பாளர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் உண்டாம் அவர்களுக்கு. இவர் யோசிக்காமல் ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டார். "பாளையங்கோட்டை குலத்தைச் சேர்ந்த அம்மி யாப்பன்" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்கள். அம்மையப்பன் என்கிற பேர் அவர்கள் வாயில் அப்படித்தான் வந்தது. வேலை போச்சு என்று நான் அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

கல் எறிந்ததில் இவர் கடைசி. அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அடுத்தது, வளையம் மாட்டிய ஒரு இரும்புக் குண்டு. அதை ஒரே கையால் பிடித்து, கால்களுக்கு நடுவே ஆட்டி, தலைக்கு மேலே பின்பக்கமாக எறிந்து, உயரத்தில் இருக்கிற கம்பியைத் தாண்டவைக்க வேண்டும். தாண்டாவிட்டால் குண்டு எறிந்தவர் தலைக்கே திரும்பி வரும். இது விளையாட்டாம். நான் தாலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். ரஹீமா பீவி என் காதில், "தாண்டிட்டுது. இன்னும் ஏத்துறாங்க. அதுவும் தாண்டிட்டுது. கம்பியில பட்டுட்டுது, ஆனா உங்க வூட்டுக்காரர் ஓடிட்டார்" என்று சொல்லச் சொல்லத்தான் எனக்கு உயிர் வந்தது.

கடைசியாக மரம். அண்ணாச்சி, நம் ஊர்த் தந்திக் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயசாளிகளுக்குக் கொஞ்சம் சின்ன மரம் என்று சொன்னார்கள், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு பேர் அதை நிமிர்த்தி இவர் தோளில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் குனிந்து, அடிப்பக்கத்தைக் கைகளால் ஏந்தி, தூக்கிவிட்டார். வீட்டுச் சிலிண்டரைத் தொடாத கை. மரம் ஆடியது. அது சாய்ந்த பக்கமெல்லாம் இவர் ஓடினார். முதலில் இடதுபக்கம் ஓடினார், அப்புறம் நேராக முன்வரிசையைப் பார்த்து ஓடிவந்தார். ஜெனரல் மேனேஜர் சம்சாரம் தேநீர்க் கோப்பையோடு எழுந்து நின்றாள். மெக்ராய் ஏதோ கத்துகிறான். என் பக்கத்தில் மீரா சாகிப், "விடுங்க அண்ணே, விட்டுருங்க" என்று கத்துகிறார். இவர் திரும்பினார், தடுமாறினார், பயத்தில் இரண்டு கையையும் மேலே உதறினார், உதறிய வேகத்தில் திரும்பிப் பார்க்காமல் ஓடி, வண்டிகள் நிற்கிற இடத்தில் போய் ஒளிந்துகொண்டார்.

இவர் பார்க்காததை நான் பார்த்தேன். மரம் காற்றில் ஒரு கரணம் போட்டது. தலைப்பக்கம் தரையில் குத்தி, கொஞ்சநேரம் செங்குத்தாக நின்று யோசித்தது. அப்புறம் அந்தப் பக்கமாக, கோடு கிழித்த மாதிரி நேராக விழுந்தது. நான் கெட்டது நடந்துவிட்டது என்று நினைத்தேன். மரம் அப்படி விழுவதுதான் சரியாம். அன்றைக்கு வாலிபர்கள் உட்பட வேறு யாருக்கும் அவ்வளவு நேராக விழவில்லையாம். மெக்ராய் போய் இவரை ஒரு லாரிக்குப் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்தான். "சாரி சார், சாரி சார்" என்று சொல்லிக்கொண்டே வந்த மனுஷரை நாலு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். ஜெனரல் மேனேஜர் வந்து கைகுலுக்கி, முழுப் பேரையும் கேட்டு, ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் இவருக்குக் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் தலை வாரிவிட்டேன். கோபம் எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"இந்த வயசுல இது என்ன கூத்து? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இந்த ஊருல யாருகிட்டப் போயி நிப்பேன்?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அடுத்த வருஷம் ஐம்பத்தஞ்சு நாகு. ஊருக்கு அனுப்பிருவானுவ. ஆபீஸ்ல இப்பமே என்னைப் போயிட்டவனாத்தான் பாக்கானுவ. என் மேசைக்கு யாரை வைக்கதுன்னு என் முன்னாலயே பேசுதானுவ. அந்த மைதானத்துல மட்டும் நான் புதுசா வந்த ஆளு. இன்னும் கத்துக்கிடணும்னு சொல்லுதான் மெக்ராய்."

எனக்குச் சீப்பு ஓடவில்லை. ஆனாலும் நான் மனம் இளகவில்லை அண்ணாச்சி. ஏனென்றால் வருகிற பங்குனியில் பஹ்ரைனில் எல்லா ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து நடத்துகிற போட்டி இருக்கிறதாம். அதற்கும் இவர் பேர் கொடுத்துவிட்டார். மரம் ஒருமுறை இவர் பேச்சைக் கேட்டது, இன்னொருமுறை கேட்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? நீங்கள் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. நீங்கள் சொன்னால் தட்டமாட்டார். இந்தக் கடிதம் கண்டதும் கண்டிப்பாக நாலு வரி எழுதுங்கள். குடும்பத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, இடுப்பில் இருக்க வேண்டியது வேட்டி, கையில் இருக்க வேண்டியது பேனா என்று எழுதுங்கள். முடிந்தால் தந்தியாகவே கொடுங்கள்.

மதினிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நம் வாசலைக் கடந்துபோகிற நல்லவர்கள் அத்தனை பேருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
நாகவள்ளி அம்மையப்பன்

பி.கு.: மேலே எழுதி முடித்தது திங்கட்கிழமை. இன்று புதன். நேற்று சாயங்காலம் இவர் மைதானத்துக்குக் கிளம்பவில்லை. நான் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அவரே முடிவு செய்துவிட்டார். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, சன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேப்பரை விரித்தார், ஒரு பக்கமும் திருப்பவில்லை. அண்ணாச்சி, மரம் அவரைத் துரத்தினபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்று, "வாரீயளா, நேரமாச்சு" என்றேன். மைதானத்துக்கு இரண்டு பேருமாகப் போனோம். மெக்ராய் பேசுகிற இங்கிலீஷ் இவருக்குப் பாதி புரிகிறதில்லை. நான் பின்னால் நின்று, "முதுகை நிமித்துங்க, அவசரப்படாதீங்க" என்று சொன்னேன். மூன்று தடவை மரம் கோணலாகத்தான் விழுந்தது. நாலாவது தடவை கொஞ்சம் தேவலை. அதனால் தந்தி கொடுக்க வேண்டாம். கண்டிப்பாக எழுதச் சொன்னதையும் மறந்துவிடுங்கள். பஹ்ரைனுக்கு இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவும் எழுதியதை வீணாக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். வாசித்துவிட்டுக் கிழித்துப்போடுங்கள். மாப்பிள்ளைக்கு ஏதாவது எழுதுவதானால், ஒன்றும் தெரியாதது மாதிரி, சௌக்கியமா என்று மட்டும் எழுதுங்கள். அவரே சொல்லட்டும். சொல்ல ரொம்ப ஆசையாக இருக்கிறார்.