கப்பலின் சிவப்பும் துவரம் பருப்பின் விலையும்

திரேஸ்புரம்,
மே 23, வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த ஜெனிஸ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் ஷெர்லின் எழுதுவது. பனிமய மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். எதிர்வீட்டுக் கோழிகளும் சுகம். துவரம் பருப்பு மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் எந்தக் கடலில் இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சாம்பார் கிடைக்கிற நாளில் எங்களை நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அது உங்கள் கப்பலை எட்டாது. நாளை மாலை ஃபிராங்க்ளின் அண்ணன் உங்கள் கப்பலில் வேலைக்குச் சேரப் புறப்படுகிறார், கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொண்டுவருவார். இரண்டையும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறேன். ஆனாலும் நாறினால் மன்னிக்கவும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து விடுமுறையில் இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன, ஆண்கள் எல்லாரும் கரையில் நிற்கிறார்கள், நிற்கிறவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும். போன மாதக் கடைசியில் கரையோரம் இருக்கும் அம்புரோஸ் அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் யாரோ பேப்பரைச் சத்தமாக வாசித்தார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து துவரை ஏற்றிய கப்பல் தூத்துக்குடிக்கு வருகிறது, விலை இறங்கும் என்று. மூன்றாம் நாள் பார்த்தால் வெகு தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. அதுதான் பருப்புக் கப்பல் என்று முடிவானது. யார் முடிவு செய்தது என்று நான் விசாரித்துப் பார்த்தேன், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். அண்ணாச்சி தன் விலைச் சிலேட்டில் கிலோ நூற்று அறுபது என்று இருந்ததை அழித்து நூற்று நாற்பது என்று எழுதினார். ஒரு மூட்டை இறங்கவில்லை, ஒரு பருப்பு வேகவில்லை, இருபது ரூபாய் குறைந்துவிட்டது. அன்றைக்குத் தெருவே சாம்பார் வாசனையாக இருந்தது.

நீங்கள் போன தடவை விட்டுச்சென்ற பைனாக்குலரை நான் கரைக்கு எடுத்துப்போனதுதான் தப்பு. வெறும் கண்ணுக்கு அந்தக் கப்பல் ஒரு புள்ளி. காலையில் சூரியன் எதிரே நிற்பதால் பைனாக்குலரில் பார்த்தாலும் வெறும் கறுப்பு. மாலை நான்கு மணிக்கு வெயில் நம் முதுகுப் பக்கம் வந்த பிறகுதான் நிறம் தெரியும். அப்படி நான் பார்த்தபோது கப்பலின் அடியில் ஒரு கோடு போலச் சிவப்பு தெரிந்தது. பாரம் இருந்தால் அந்தச் சிவப்புப் பெயின்ட் தண்ணீருக்குள் இருக்கும், பாரம் குறையக் குறைய மேலே வரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் தெருவில் பால்குடி மறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளில் கப்பலை வரைந்து, சிவப்பு எத்தனை கட்டம் என்று குறித்தேன். முதல் நாள் ஒன்று. மறுநாள் ஒன்றரை. நான்காம் நாள் இரண்டரை. அதைப் படகு மராமத்து பார்த்துக்கொண்டிருந்த மரியான் அண்ணனிடம் ஒரு அறிவியல் செய்தி போலச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏளா, ஒரு வள்ளம் கூட அது பக்கத்துல போவலியே. பின்ன பாரம் எங்கன போவுது?"

அந்தக் கேள்வி சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது. மறுநாள் சிலேட்டில் நூற்று எழுபத்தைந்து. அதிலிருந்து தினமும் நான்கு மணிக்கு அண்ணாச்சி ஈரத் துணியும் சாக்பீஸுமாகக் கடைக்கு வெளியே வந்து நிற்பார்.

"ஷெர்லினு, இன்னைக்கு எத்தன கட்டம்?"

"நாலு, அண்ணாச்சி."

"நேத்து மூணர தான சொன்ன?"

துடைத்துவிட்டு எழுதுவார். அரைக் கட்டத்துக்கு ஆறு ரூபாய் என்று ஒரு கணக்கு அவருக்குள் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை மாமா. "நாளைக்கு நான் மொத்த வியாபாரிட்ட என்ன வெலைக்கு வாங்கணுமோ, இன்னைக்கே அத நெனச்சுதான விக்கணும்" என்கிறார். மொத்த வியாபாரி அவரிடம் போன் போட்டு, "உங்க பக்கம் கட்டம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்கிறாராம். இதைக் கேட்டபோது எனக்கு முதலில் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நாள் பயந்துபோய், தலைவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். "புள்ள பாக்க மாட்டேங்குன்னா அங்கன என்னமோ நடக்கு" என்று பேசிக்கொண்டு ஒரே நாளில் பதினெட்டு ரூபாய் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தலை வலிப்பதே இல்லை.

ஒரு நாள் மரியான் அண்ணன் தன் சின்ன வள்ளத்தில், எவ்வளவு பக்கத்தில் விடுவார்களோ அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கப்பல் மேல் ஒரு ஆளைக் காணவில்லை, ஒரு துணி காயவில்லை, ஆனால் உள்ளேயிருந்து எதையோ கடலில் கொட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்கிறது என்றார். "சோன்னு ஒரே சத்தம். மூட்டைய அவுத்துக் கவுத்த மாதிரி." விலை ஏறுவதற்காகப் பருப்பைக் கடலில் கொட்டுகிறார்கள் என்று அன்றைக்கு ஊருக்குத் தெளிவானது. அடுத்த இரண்டு நாள், சாளை மீன் வாங்கிய வீடுகளில் எல்லாம் வயிற்றைக் கீறிப் பருப்பு தேடினார்கள். ஒன்றிலும் இல்லை. அதனால் சந்தேகம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். "சாளை மேல மேயுத மீனு. பருப்பு அடியிலல்லா கெடக்கும்" என்றார்கள்.

இனிமேல் எழுதுவதை நீங்கள் சிரிக்காமல் படிக்க வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கப்பல் தண்ணீரைத் தொடாமல் நிற்கிறது. கப்பலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கீற்று, அதற்கு மேல் அது தொங்குகிறது. கானல் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் புத்தகத்தில் படிக்கும்போது முதுகு சில்லிடவில்லை. போன செவ்வாய் நான்கு மணிக்கு முதல் தடவையாக ஒரு ஆளையும் பார்த்தேன். எறும்பளவு வெள்ளைச் சட்டை, கப்பலின் ஓரத்தில் அசையாமல் நின்றது. கைகள் இரண்டும் முகத்துக்கு நேரே இருந்தன. அவரும் பைனாக்குலரில் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மாமா. எனக்குப் பின்னால் எழுபது எண்பது பேர் பையும் டப்பாவுமாக நின்றார்கள். அவர் எங்களை எண்ணுகிறார் என்று ஏனோ தோன்றியது. நான் கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விலை எழுதிவிடுவார்கள்.

இப்போது காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால் உங்களுக்கு ஊர் அடையாளம் தெரியாது. குக்கர் விசில் கேட்பதில்லை. முன்பு ஒரு வீட்டில் விட்டதும் அடுத்த வீட்டில் பிடிக்கும், கோயில் மணியைவிட அதை நம்பித்தான் நான் பள்ளிக்குக் கிளம்புவேன். இப்போது பாத்திரம் கழுவும் சத்தம்கூட இல்லை, கழுவ என்ன இருக்கிறது. கதவுகள் திறந்திருக்கின்றன, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், அடுப்பு மட்டும் இல்லாத வீடுகள் மாதிரி இருக்கிறது. ரேஷனில் தரும் ஒரு கிலோ பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. உணவுப் பாதுகாப்பு என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. உணவு இருந்தால் போதாது, அதை வாங்க முடிய வேண்டும் என்று அதில் வரும். ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் முழுதாக எழுதினேன். அது எங்கள் தெருவைப் பற்றியது என்று அப்போது தெரியாது.

அம்மாவின் சாப்பாட்டுக் கடையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். அங்கே சாப்பிடுகிறவர்கள் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது ரூபாய்க்குச் சோறு, சாம்பார், ஒரு கூட்டு. விலையை ஏற்றினால் அவர்கள் வர முடியாது என்று அம்மா ஏற்றவில்லை. முதலில் சாம்பாரில் தண்ணீர் சேர்த்தாள். பிறகு மஞ்சள் பூசணியை மசித்துவிட்டாள், அதைப் பார்த்து எல்லாக் கடைக்காரர்களும் பூசணிக்கு ஓட, பூசணி விலையும் ஏறியது. பிறகு வெறும் மஞ்சள் தூள்.

"மெட்டில்டாக்கா, ஒங்க சாம்பார்ல எம் மூஞ்சி தெரியுது" என்றார் விக்டோரியா அக்கா.

"பாத்துக்க. உப்பளத்துல ஒனக்குக் கண்ணாடி கெடையாதுல்லா" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் விக்டோரியா அக்கா கடையில் சாப்பிடுவதில்லை மாமா, ஒரு பார்சல் வாங்கி வீட்டில் இருக்கும் மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு உப்பு வாரப் போகிறார் என்று போன வாரம்தான் தெரிந்தது. அந்த மூன்று பிள்ளைகளுக்கும் அன்றைய பருப்பு அந்த ஒரு பார்சல்தான். நேற்று சிலேட்டில் இருநூற்று இருபத்து மூன்று. சனிக்கிழமை வரைக்கும்தான் அம்மாவிடம் பருப்பு இருக்கிறது. அதற்குள் இறங்காவிட்டால் திங்கட்கிழமை கடை திறப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். கட்டத்தை எண்ணியது அவள் மகள் என்பதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே மாமா, நீங்கள் இருபது வருடமாகக் கப்பலில் இருக்கிறவர், எனக்கு மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் இறக்காமல் ஒரு கப்பலின் பாரம் குறையுமா? அந்தப் பருப்பு எங்கே போகிறது? எங்களை எண்ணுகிற அந்த வெள்ளைச் சட்டைக்காரர் யார்?

உங்கள் கப்பலையும், அதன் சமையல்காரரையும், அவர் பூட்டி வைத்திருக்கும் பருப்பு மூட்டைகளையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. அம்மா உங்களுக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். கருவாட்டை வெயில் காட்டி வைக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஷெர்லின்.

பின்குறிப்பு, சனிக்கிழமை மாலை: மேலே எழுதியதில் ஒன்றையும் நம்ப வேண்டாம். நான்கு தாளையும் மறுபடி எழுத நேரமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். மத்தியானம் ஃபிராங்க்ளின் அண்ணன் கருவாட்டை வாங்க வந்தவர், என் கட்ட நோட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். போனில் கப்பல் இருக்கும் இடத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். "ஏளா, இது உப்பு ஏத்த வந்த காலிக் கப்பல். வயித்துல கடல் தண்ணிய நெரப்பிட்டு வந்திருக்கான், அதத்தான் வெளிய அடிச்சிருக்கான். இன்னைக்குக் காலைல ஆர்பருக்குள்ள போயாச்சு. அதுல பருப்பு எப்பவுமே கெடையாது" என்றார். எங்கள் வீட்டைத் தவிர, தெருவில் எல்லாரிடமும் அந்த மாதிரிப் போன் இருக்கிறது. மூன்று வாரமாக ஒருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவதென்று நான்கு மணிக்குக் கரைக்குப் போனேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். அம்மா காலி டப்பாவோடு கடை வாசலில் நின்றாள், பக்கத்தில் விக்டோரியா அக்கா. அண்ணாச்சி சாக்பீஸை எடுத்துவிட்டார். பருப்புக் கப்பல் என்று ஒன்று வரவே இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் இருநூற்று ஐம்பது எழுதிவிடுவார் என்று அப்போதுதான் புரிந்தது. பைனாக்குலரைத் தூக்கினேன். கப்பல் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்.

"எத்தன கட்டம்?"

"சிவப்பே தெரியல, அண்ணாச்சி" என்றேன்.

அவர் பைனாக்குலரை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு காகம் கடைக்குள் நுழைந்து முறுக்குப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆமா" என்றார். "பொட்டுச் செகப்பு இல்ல." மரியான் அண்ணன் வாங்கிப் பார்த்தார். "நெறஞ்சு நிக்கி" என்றார். விக்டோரியா அக்கா பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கை மாறிக் கை மாறி எல்லாரும் பார்த்தார்கள். அங்கே கப்பல் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் அம்மா பார்த்தாள். பைனாக்குலரை இறக்கி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நெறஞ்சுதான் நிக்கி, அண்ணாச்சி. நூத்தி எழுவதுன்னு போட்டு அஞ்சு கிலோ நிறுங்க" என்றாள். அவர் துடைத்துவிட்டு எழுதினார்.

திங்கட்கிழமை கடை உண்டு. நாளைக்கும் நான்கு மணிக்குக் கேட்பார்கள். எல்லாரும் போன பிறகு நான் மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன், மாமா. அத்தனை பேர் சொன்ன பிறகு பார்ப்பதாலோ என்னவோ, அங்கே ஒன்று நிற்கத்தான் செய்தது. கறுப்பாக, ஆழமாக, நிறைந்து.