மருந்துச் சீட்டில் எழுதிய கக்கூஸ்

மண்டபம் கரையில் சொம்பு மதினியைப் போல வெட்கம் கெட்டவள் பிறந்ததில்லை. அவளால்தான் இறால் கம்பெனியில் வேலை பார்த்த நாங்கள் அத்தனை பேரும் இன்றைக்கு நிமிர்ந்து நடக்கிறோம்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடி இறால் உரிக்க வேண்டும். பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. அதனால் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். எனக்கு அது சின்ன வயசிலேயே வந்த பழக்கம். பள்ளிக்கூடத்திலும் மறைவிடம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதே அதனால்தான். அடக்கிக்கொள்வதுதான் நல்ல குணம் என்று வளர்த்த உடம்பு.

மதினி மட்டும் பெரிய பித்தளைச் சொம்போடு வருவாள். எங்கள் காதில் விழ மடக் மடக்கென்று குடிப்பாள். அப்புறம் நேராக மேனேஜர் அறைக்குப் போய், அவருடைய கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் மேனேஜர் அதைப் பூட்டிவிட்டார். மதினி அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சாவி வர்ற வரைக்கும் இங்கன இருக்கேன் சார். நேரமாச்சுன்னா நாற்காலிக்கு நான் பொறுப்பில்ல."

சாவி பறந்து வந்தது.

பிறகொரு நாள் இடுப்பு வலி தாங்காமல் நான் வேலையில் சுருண்டு விழுந்தேன். மதினிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"கல்லு இருக்கு. இப்படியே விட்டா கிட்னி கெட்டுப்போகும். தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

நான் கூச்சத்தில் ஆமென்று தலையாட்டினேன்.

"பொய் சொல்றா டாக்டரம்மா. கக்கூஸ் இல்லாத எடத்துல எவ குடிப்பா? மாத்திரையோட அதையும் எழுதிக் குடுங்க," என்றாள் மதினி.

"எதை?"

"கக்கூஸத்தான்."

டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. கக்கூஸ், தேவைப்படும்போதெல்லாம்.

மறுவாரம் மதினி எங்கள் எல்லோரையும் அதே டாக்டரம்மாவிடம் வரிசையில் நிறுத்தினாள். கக்கூஸ் எழுதிய மருந்துச் சீட்டுகள் கட்டாக மேனேஜர் மேசைக்குப் போயின.

"மருந்துக்கடையில இது ஸ்டாக் இல்லையாம் சார். நீங்கதான் குடுக்கணும்."

அன்று ஒருத்தியும் இறாலைத் தொடவில்லை. ஐஸ் உருகிக்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் கொத்தனார் வந்து அளவெடுத்தார்.

கட்டி முடித்த அன்று மதினியைத்தான் முதலில் போகச் சொன்னோம். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முத சீட்டு இவ பேருலதான எழுதுனது. போடி உள்ள."

அத்தனை பேரும் பார்க்க, தலை குனியாமல் நடந்து போனேன்.

கல் எப்போதோ கரைந்துவிட்டது. வேலையும் விட்டாயிற்று. மதினி இன்றும் அடுத்த தெருவிலிருந்து தினம் வந்து, "தண்ணி குடிச்சியாடி?" என்று கேட்கிறாள். சில நாள் குடித்திருந்தும் இல்லை என்பேன். திட்டிக்கொண்டே அந்தச் சொம்பில் மொண்டு தருவாள்.